மொன்றியலிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாட முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசினால் மட்டும் காணாது, டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோ. இஞ்ச ஏப்ரல் பிறந்தும் ஜாக்கெட்டைக் கழட்டேலாமல் கிடக்கு. பனி கரைஞ்சு ரோட்டெல்லாம் சேறு. நான் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில எங்கட ஆக்கள் கனபேர். கருவாடு, முருங்கைக்காய், இடியப்ப மா எல்லாம் நடந்துபோய் வாங்கலாம், சாப்பாட்டைப் பற்றி அம்மா யோசிக்கத் தேவையில்லை.

போன முறை போனில "அங்க உன்னோட கதைக்க ஆர் இருக்கினம்?" எண்டு கேட்டனீங்கள். கீழ்வீட்டில வீட்டுக்காரர் இருக்கிறார். கிரேக்கர், அறுபத்தஞ்சு தாண்டினவர், சின்னப் பிள்ளையா தாய் தகப்பனோட வந்து இறங்கினவர். எங்கட ஆக்களுக்கு முதல் இந்தப் பக்கம் முழுக்கக் கிரேக்கர்தானாம். வாடகை குடுக்கப் போனால் லேசில விடமாட்டார். கோப்பி போட்டு வைச்சுப்போட்டு பேஸ்பால் கதை தொடங்குவார்.

இந்த விளையாட்டு எனக்கும் புதுசுதான். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். மூண்டு பேர் அவுட் எண்டால் மற்றப் பக்கம் அடிக்க வரும். பந்து நிலத்தில குத்தாமலே வரும். வேலிக்கு வெளியில அடிச்சால் ஹோம் ரன். உங்களுக்கு இவ்வளவு காணும்.

1969 இல இந்த ஊருக்கு எக்ஸ்போஸ் எண்டு ஒரு அணி வந்தது. அமெரிக்காவின்ர பெரிய பேஸ்பால் லீக்கில, அந்த நாட்டுக்கு வெளியில இருந்து விளையாடின முதல் அணி அதுதான். அவையின்ர மைதானம் என்ர வீட்டிலயிருந்து நடை தூரத்தில இருக்கிற ஜாரி பார்க். ஏப்ரல் 14 ஆம் திகதி அங்க நடந்த முதல் மட்சில சென் லூயிஸ் கார்டினல்ஸை 8-7 எண்டு வெண்டவை. சின்ன மைதானம், கூரை இல்லை. வலப்பக்க வேலிக்கு அங்கால ஊர்ச் சனம் குளிக்கிற நீச்சல் குளம். பிட்ஸ்பர்க் அணியின்ர வில்லி ஸ்டார்ஜெல் அதுக்குள்ள பந்தை அடிச்சுப் போட்டவர். பின்னேரச் சூரியன் முதல் பேஸ் எண்ட மூலையில காவல் நிக்கிறவரின்ர கண்ணில நேர குத்தும். சூரியன் இறங்குமட்டும் மட்சையே நிப்பாட்டி வைச்ச நாளும் இருக்காம்! இதைச் சொல்லேக்க கிழவர் கையைக் கண்ணுக்கு மறைப்பா வைச்சு, ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டு காட்டுவார்.

அவருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் அந்த விலை குறைஞ்ச வாங்கிலில இருந்துதான் வந்ததாம். பள்ளிக்கூடத்தில வாயே திறக்காத பெடியன், ரஸ்டி ஸ்டாப் எண்ட செம்பட்டைத் தலைக்காரர் அடிக்க வரேக்க எல்லாரோடயும் சேர்ந்து கத்துவானாம்.

1977 இல ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு மாறிட்டினம். கிழவருக்கு அந்தக் கட்டிடம் பிடிக்காது. 1991 இல அதின்ர பெரிய கொங்கிரீட் வளை ஒண்டு விழ, அந்த வருசத்து மிச்ச மட்சையெல்லாம் வெளியூரில போய் விளையாடினவை. அந்த ஸ்டேடியத்திலதான் 1981 ஒக்ரோபர் 19 திங்கக்கிழமை, கடைசி இன்னிங்ஸில, டாட்ஜர்ஸின்ர ரிக் மண்டே எண்டவர் ஸ்டீவ் ரோஜர்ஸின்ர பந்தைத் தூக்கி அடிச்சு 2-1 எண்டு தோற்கடிச்சவர். அதை வெண்டிருந்தால் வேர்ல்ட் சீரிஸ் எண்ட இறுதிப் போட்டிக்குப் போயிருப்பினம். ரிக் மண்டே பேரைச் சொன்னால் கிழவர் இண்டைக்கும் கோப்பையை மேசையில டக்கெண்டு வைக்கிறார்.

ஆனா அதைவிடப் பெரிய காயம் 1994. பெலிப்பே அலூ மனேஜர். பெட்ரோ மார்ட்டினெஸ், லாரி வாக்கர், மார்க்கீஸ் கிரிஸம் எல்லாரும் ஒரே அணியில. 74 வெற்றி, 40 தோல்வி, முழு லீக்கிலயும் முதலாவது. ஓகஸ்ட் 12 இல விளையாட்டுக்காரர் வேலைநிறுத்தம் தொடங்கிட்டினம். முதலாளிமார் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க நிண்டவை, இவை விடேல்லை. செப்டெம்பரில மிச்ச மட்சோட வேர்ல்ட் சீரிஸும் நடக்காது எண்டு அறிவிச்சாச்சு. 1904 க்குப் பிறகு அது நடக்காமப் போனது அந்த வருசம்தான். 1904 யாழ்ப்பாணத்தில சென்ரல் கொலிஜும் சென் ஜோன்ஸும் மோதுற எங்கட கிரிக்கெட் பெருஞ்சமர் தொடங்கின வருசமெல்லோ? சும்மா ஞாபகம் வந்தது.

அடுத்த வருசம் தொடங்கக்குள்ளயே வாக்கர், கிரிஸம் எல்லாரையும் காசில்லை எண்டு விட்டுட்டினம். தோத்திருந்தாலாவது அழுது முடிச்சிருக்கலாம் எண்டு கிழவர் சொல்லுவார். எனக்கும் அது நியாயமாத்தான் படுது. யுத்தத்தால பெருஞ்சமர் நடக்காமப் போன வருசங்களில ஆர் வெண்டிருப்பினம் எண்டு நீங்களும் பெரியப்பாவும் விறாந்தையில இருந்து பிடிச்ச சண்டையை நான் கேட்டு வளந்தனானெல்லோ.

வேலைத்தலத்தில ஒரு பிரெஞ்சு மனிசி என்னோட நிண்டு பாண் அடுக்கிறவ. அவவுக்கு ஆக்களின்ர பேரைவிட குரல்தான் ஞாபகம். ஜாக் டூசே எண்டவர் முப்பது வருசத்துக்கு மேல ரேடியோவில பிரெஞ்சில வர்ணனை சொன்னவராம். தகப்பன் பின்வளவில ரேடியோவை வைச்சுக்கொண்டு படுத்திருப்பாராம். 2004 செப்டெம்பர் 29 இல இந்த ஊரில நடந்த கடைசி மட்ச். ஃபுளோரிடா அணியிட்ட 9-1 எண்டு தோத்துப்போச்சினம். அடுத்த வருசம் அணி வாஷிங்டனுக்குப் போயிட்டுது. 2019 இல அந்த வாஷிங்டன் அணி வேர்ல்ட் சீரிஸ் வெண்டது. "சந்தோசமோ?" எண்டு கேட்டன். ரெண்டுபேருமே "அது எங்கட இல்லை" எண்டிட்டினம்.

கிழவருக்குப் பிடிச்ச கதை வேற. விளாடிமிர் கெரேரோ இஞ்ச விளையாடின காலத்தில, 1999 இல, இதே ஊரில பிறந்த மகன் 2018 மார்ச்சில ரொறன்ரோ அணியோட ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு வந்தவர். தகப்பன்ர 27 ஆம் நம்பர் சட்டை. சீசன் தொடங்க முதல் நடந்த சும்மா மட்ச்தான். ஒன்பதாம் இன்னிங்ஸில ஹோம் ரன் அடிச்சு 1-0 எண்டு முடிச்சவர். எதிர்ப்பக்கம் அதே சென் லூயிஸ். கிழவர் அண்டைக்கு நீலம், வெள்ளை, சிவப்பு மூண்டு நிறத் தொப்பியோட போனவராம். அதை எனக்கும் காட்டினவர். நெற்றிப் பட்டி வேர்வையில கறுத்து, விளிம்பு பிஞ்சு கிடக்கு. தோய்க்க ஒருத்தரையும் விடமாட்டாராம்.

சித்திரைச் செலவுக்குக் காசு போட்டிருக்கிறன், கிடைச்சவுடன சொல்லுங்கோ. பெருஞ்சமரைப் பற்றி நான் கிழவருக்குச் சொன்னனான். மூண்டு நாள் மட்சோ எண்டு வாயைப் பிளந்தவர். நீங்கள் பெடியனா மதிலேறிப் பாத்த மட்சைப் பற்றி, ஆர் எத்தினை அடிச்சது, ஆர் பிடியை விட்டது எல்லாம் விபரமா எழுதுங்கோ. வாசிச்சுச் சொல்லுறன் எண்டு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கிறன். பெரியப்பாவையும் பக்கத்தில வைச்சு எழுதுங்கோ. இல்லையெண்டால் நீங்கள் உங்கட பக்கத்தைத்தான் வெல்ல வைப்பியள்.

அன்பு மகன்