ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஏகாதசி பார்

சத்துவாச்சாரி,
வேலூர்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் பத்தாவது எழுதப்போகிறாளா! இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான்.

பிள்ளைகளைப் படகில் ஏற்றிப் பறவை காட்டப் பழவேற்காடா, பிச்சாவரமா என்று கேட்டிருந்தாய். பிச்சாவரமே போ. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். தவிர, பூநாரை பார்க்கப் படகே தேவையில்லை. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோடு ஏரியின் நடுவிலேயே ஓடுகிறது. தை மாதத்தில் ஓரமாக நின்றே பார்க்கலாம்.

பிச்சாவரத்துக்கு வேலூரிலிருந்து போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், பண்ருட்டி, வடலூர், சிதம்பரம் என்று போனால் கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். குடியாத்தத்திலிருந்து உனக்கு இன்னும் ஒரு முப்பது கூடும். விடிகாலை மூன்றுக்குக் கிளம்பினால்தான் காலைப் படகு. சின்னவன் காரில் வாந்தி எடுப்பான் என்றால் முந்தின ராத்திரியே சிதம்பரத்தில் தங்கிவிடு.

எல்லாரும் கோட்டைவிடுவது நாள் பார்ப்பதில்தான். ஞாயிறு என்றால் டிக்கெட் வரிசையிலேயே வெயில் ஏறிவிடும். அதைவிட முக்கியம் ஓதம், அதாவது கடல்தண்ணீர் ஏறி இறங்குவது. தண்ணீர் நிறைந்திருந்தால் சேறு மூழ்கிக் கிடக்கும், இரை தேடும் பறவை வராது. ரொம்ப வடிந்துவிட்டால் சின்ன வாய்க்காலில் படகு தரை தட்டும். வடிந்துகொண்டிருக்கும் நேரமே நேரம். அமாவாசை, பௌர்ணமியில் அந்தக் கடற்கரையில் ஓதம் ஏறி நிற்பது காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில். அப்புறம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஏகாதசி, துவாதசியில் விடியும் முன்பே ஏறி முடிந்திருக்கும். ஒன்பது மணிக்குப் படகேறினால் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். உள்வாய்க்காலில் கொஞ்சம் தாமதமாகும், படகுக்காரரைக் கேட்டுக்கொள். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்றால் படகே விடமாட்டார்கள்.

மோட்டார் படகு வேண்டாம். அகல வாய்க்காலோடு நின்றுவிடும், சத்தத்துக்குக் கொக்கு எழும்பிவிடும். உப்புத்தண்ணீரில் வளரும் சுரபுன்னை மரம் இரண்டு பக்கமும் கவிந்த சந்துக்குள் துடுப்புப் படகுதான் போகும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையைப் பிள்ளைகளுக்கு நீயே இழுத்துப் பார். தோள் காது வரை ஏறினால் அது பெரிய சைஸ், மாற்றித் தரச் சொல். யாரும் எழுந்து நிற்கக் கூடாது, கை வெளியே போகக் கூடாது. வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும்.

இன்னொன்று, கிளை ஒடிக்க விடாதே. அங்கே தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகுக்காரர் காட்டும் வெண்கண்டல் மரத்து இலையை மட்டும் தொடலாம். அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பாக இருக்கும். வேர் இழுத்த உப்பை அந்த மரம் இலை வழியாகத்தான் கக்கும்; விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். சுரபுன்னை அப்படியில்லை, வேரிலேயே பெருமளவு உப்பை வடிகட்டிவிடும். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு இலை போதும்.

சேற்றைப் பார்க்கச் சொல். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக உள்ள நண்டு அதை ஆட்டி ஆட்டிப் பெட்டையைக் கூப்பிடும். தன் உடம்பின் துடுப்பால் நடப்பது போலத் தாவும் மீன் இருக்கும். வேர் மேல் மீன்கொத்தி அசையாமல் உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

பைனாகுலர் எட்டு மடங்கு போதும், பத்து என்றால் படகு ஆட்டத்தில் உருவம் நிற்காது. என்னுடையதையே தருகிறேன், போகும் வழியில் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போ, கரையேறிச் சாப்பிடலாம். மக்கன் பேடாவைப் படகில் பிரிக்காதே, பாகு ஒட்டிய கையோடு பைனாகுலரைத் தொட்டால் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

அன்புடன்,
செல்வம்