மரான்ட்ஸ் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புத் தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டிவலிக் கதையை அம்மாவே போனில் சொல்லுவாள்.

நீ அனுப்பிய போட்டோவை மூன்று நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மரான்ட்ஸ் 2270, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருக்கும் பழைய ரிசீவர். அந்த நீல டயல் வெளிச்சத்துக்கே மனசு போய்விடும், தெரியும். ஆனால் 1400 டாலர் அந்த வெளிச்சத்துக்கா, சத்தத்துக்கா?

சத்தத்துக்கு என்றால் வேண்டாம். ஸ்பீக்கர் ஒன்றுக்கு 70 வாட் என்கிறாய். நீ இருப்பது சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் தூங்குகிற ஃபிளாட். சாதாரணமாகக் கேட்கும்போது ஒரு வாட், இரண்டு வாட்டுக்கு மேல் போகாது. 1987-இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் கண்ணாடி வால்வு செட் வரை, எது பாடுகிறது என்று சொல்லாமல் ஆட்களைக் கேட்க வைத்தார்கள். வந்த பதிலெல்லாம் பூவா தலையா போட்ட மாதிரி. வால்வு செட் என்றால் உருகுகிறவன் நான். படித்தபோது கோபம்தான் வந்தது.

ஸ்பீக்கர் அப்படியில்லை. அதை மாற்றினால் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியும். காசை அங்கே போடு.

பெயருக்காகத்தான் என்றால் இதையும் கேட்டுக்கொள். சால் மரான்ட்ஸ் 1964-லேயே கம்பெனியை விற்றுவிட்டார். நீ பார்ப்பது அதற்குப் பிறகு வந்த ஜப்பான் சரக்கு. மட்டமில்லை, நல்ல கட்டுமானம்தான். ஆனால் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் எல்லாம் உள்ளே காய்ந்திருக்கும்.

நம் ரிப்பேர் கடைக்கு வந்ததெல்லாம் கல்யாண வீட்டு சவுண்டு சர்வீஸ் செட்டுகள். ஜப்பான் செட் ஒன்றே ஒன்று, துபாயிலிருந்து திரும்பியவர் கொண்டுவந்தார். பல வருஷம் பரணில் கிடந்தது. கரண்ட் அதிகமாகப் பாயாமல் தடுக்க வழியில் ஒரு பல்பு மாட்டுவோமே, சீரிஸ் லேம்ப், எனக்கு அவசரம், அதைப் போடாமல் நேராக பிளக்கில் செருகிவிட்டேன். டிரான்சிஸ்டரில் எவ்வளவு கரண்ட் ஓடலாம் என்று வைக்கிற பயாஸ் பிரீசெட் திருகில் களிம்பு. 'டப்' என்று ஒரு சத்தம், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். ஸ்பீக்கருக்குப் போகக்கூடாத டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், போய் உள்ளே கம்பிச் சுருள் கருகிய நாற்றம். மாற்றிப் போட்ட டிரான்சிஸ்டரும் டூப்ளிகேட், ஒரு வாரம் தாங்கவில்லை. ஸ்பீக்கருக்கு என் கைக்காசைத்தான் கொடுத்தேன். அன்றைக்கு நீ ஸ்கூல் ஃபீஸ் கேட்டு வந்து நின்றாய், திட்டி அனுப்பினேன். அது உனக்கு நினைவிருக்காது.

ஆகவே விற்கிறவரிடம் கேள்: கண்டென்சர் மாற்றியாயிற்றா, யார் மாற்றினார், பில் இருக்கிறதா? ஸ்பீக்கர் முனையில் டி.சி. எத்தனை மில்லிவோல்ட்? ஐம்பதுக்குள் இருக்கட்டும். வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறதா? அதற்கு மட்டும் பயப்படாதே, கிளீனர் அடித்தால் போய்விடும். மற்றதற்கு மழுப்பினால் பாதி விலைக்குக் கேள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால் வாங்கிக்கொள், நான் தடுக்கப் போவதில்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்று தேடிப் பிடி, எல்.இ.டி. உதவாது. அதை சீரிஸில் போட்டு ஆன் செய். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உடனே அணைத்துவிடு.

வாங்குவதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

அன்புடன்,
அப்பா