முருகேசனுக்கு, மாடி அறை விஷயமாக

அன்புள்ள முருகேசா,

நலம், நலமறிய ஆவல். தீபாவளிக்கு உன் போனை எடுக்காததற்கு நீ திட்டியதெல்லாம் பாலு மூலமாக வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? சாந்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. விசாரிப்பு முடிந்தது, இனி சண்டை.

நீ அனுப்பிய பிளானையும் கொட்டேஷனையும் பார்த்தேன். மாடியில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புச் சேனல் ஃபிரேம், உள்ளேயும் வெளியேயும் 12 மி.மீ. மெக்னீசியம் ஆக்சைடு போர்டு, தரைக்கும் அதே போர்டு 18 மி.மீ.யில். தீப்பிடிக்காதாம், கரையான் தொடாதாம், தண்ணீர் படலாமாம், சீனப் பெருஞ்சுவரையே இதில்தான் கட்டினார்களாம். பெருஞ்சுவரின் மிங் காலத்துச் சாந்தில் இருந்தது சுண்ணாம்பும் பசையரிசிக் கஞ்சியும். தீயும் கரையானும் உண்மைதான். தண்ணீரில்தான் உன் காசு கரையப் போகிறது.

அந்த போர்டு வெறும் ஆக்சைடு இல்லை. ஆக்சைடு தூளை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் கல்லாக இறுகும். 1867-இல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன சிமென்ட் இது. மரத்தூளும் பெர்லைட்டும் கலந்து, இரண்டு முகத்திலும் கண்ணாடி இழை வலை வைத்து வார்த்தால் போர்டு. கலவை விகிதம் சரியாக இருந்தால் குளோரைடில் பெரும்பகுதி படிகத்துக்குள் கட்டுப்பட்டுவிடும். ஆக்சைடு மட்டமாக இருந்தாலோ, கரைசல் அதிகமானாலோ மிச்ச உப்பு போர்டுக்குள் சும்மா கிடக்கும். ஒழுங்காகச் செய்த போர்டிலும், வருஷக்கணக்கில் ஈரமும் கரியமில வாயுவும் பட்டால் படிகம் சிதைந்து உப்பு வெளியே வரும்.

உப்பளத்துக்காரனுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடி ஏன் கசிகிறது? சோடியம் குளோரைடு கரைய ஈரப்பதம் 75 சதவீதமாவது வேண்டும். கூட ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். பாத்தியில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீர் இருக்கிறதே, அந்தச் சரக்கைத்தான் நீ சுவரில் திருகப் போகிறாய்.

டென்மார்க்கில் 2010 வாக்கில் வெளிச்சுவர் உறைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பாக ஆயிரக்கணக்கான வீடுகளில் இதைப் போட்டார்கள். குளிர்காலக் காற்றின் ஈரத்தை இழுத்து, போர்டின் முகத்தில் உப்புத் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அது கீழே ஒழுகி ஸ்க்ரூ, கிளிப், மரச்சட்டம் எல்லாவற்றையும் கெடுத்தது. 2015-இல் எச்சரிக்கை வந்து, பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு மழை உள்ளே வரத் தேவையே இருக்கவில்லை.

‘வெளியே வேண்டாம், உள்ளே மட்டும் போடுகிறேன்’ என்பாய். அந்த அறைக்கு ஏசி வைக்கிறாயே! வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், அந்தக் காற்று ஏறத்தாழ 26 டிகிரியிலேயே பனித்துவிடும். நீ உள்ளே 24-இல் வைத்துத் தூங்குவாய். சேனல் இடுக்குக்குள் நுழையும் கடல்காற்று, குளிர்ந்து கிடக்கும் உள் போர்டின் முதுகில் பட்டுத் தண்ணீராகும். டென்மார்க்கில் குளிர்காலத் தொல்லை, உனக்குத் தினசரி ராத்திரித் தொல்லை. அதுவும் கண்ணுக்குத் தெரியாத பக்கம். சேனலில் துத்தநாகப் பூச்சு போய்த் துரு பெயின்ட் வரை வரும்போதுதான் உனக்குத் தெரியும்.

தரை யோசனையை இன்றைக்கே கிழித்துப் போடு. இதில் விளையாட்டு வேண்டாம். சிட்னியில் பழைய அடுக்குமாடிகளில் சத்தம் கேட்காமலிருக்க இதே சோரெல் கலவையை கான்கிரீட் மேல் தரையாகப் போட்டார்கள். பாத்ரூம், பால்கனிப் பக்கம் நனைந்த இடங்களில் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்றது. உன் மாடித் தரை கீழ்வீட்டுக்குக் கூரை. அதன் அடியில்தான் அம்மா படுக்கிறார்.

‘சேலத்து வெள்ளைக்கல்தானே, நம்ம ஊர்ச் சரக்கு’ என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, தேசபக்தா! சேலத்து சாக் ஹில்ஸில் அந்த வெள்ளைக்கல்லை, அதாவது சுட்டால் ஆக்சைடாகும் மேக்னசைட்டை, வெட்டுவது நிஜம், டான்மாக் என்ற அரசு நிறுவனம் 1979-லிருந்து இருக்கிறது. ஆனால் உலைச் செங்கல்லுக்காக 1,500 டிகிரிக்கு மேல் சுட்ட ஆக்சைடு செத்த சரக்கு, உப்புக் கரைசலோடு சேராது. போர்டுக்கு 700 முதல் 1,000 டிகிரிக்குள் லேசாகச் சுட்டது வேண்டும். கடையில் கிடைக்கும் போர்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவது.

அப்படியானால் வேண்டவே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குளோரைடுக்குப் பதில் மெக்னீசியம் சல்ஃபேட்டில் குழைத்த போர்டு உண்டு. அது இப்படி ஈரத்தை இழுத்துக் கசியாது, இரும்பையும் அந்த அளவு தின்னாது. ‘சல்ஃபேட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம் என்பதால் சோதிக்காமல் வாங்காதே. சாம்பிளின் நடுவிலிருந்து பத்து கிராம் உடைத்துப் பொடித்து, நூறு மில்லி பேட்டரித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவை. குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலேயே குளோரைடு இருக்கும். வடிகட்டிய தெளிவில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. தயிராகத் திரிந்து வெள்ளை வீழ்படிவு வந்தால் குளோரைடு போர்டு, டீலரிடமே திருப்பிக் கொடு. லேசாக மங்கினால் மூலப்பொருளில் ஒட்டிய சுவடு, பரவாயில்லை. அமிலம் சேர்க்க மறந்தால் பழுப்பாகப் படிந்து குழப்பும். சாந்தியின் பள்ளிக்கூட லேபில் ஐந்து நிமிஷ வேலை. பிப்பெட்டை வாயால் மட்டும் உறிஞ்சாதே, பெரியசாமி வாத்தியார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

லேப் கிடைக்காவிட்டால் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு, மேலே ஒரு ஸ்டாண்டில் போர்டுத் துண்டைத் தண்ணீர் படாமல் வை. அதில் ஒரு கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவை இறக்கிவிடு. இரண்டு வாரத்தில் முகத்தில் முத்துக் கோத்து, நக்கினால் கசந்து, ஸ்க்ரூவும் துருப்பிடித்தால், விஷயம் முடிந்தது.

தேறினால் உள்பக்கத்துக்கு மட்டும் போடு. வெளியே சிமென்ட் ஃபைபர் போர்டு, ஐ.எஸ். 14862 முத்திரை பார்த்து. வெளியிலிருந்து வரிசை இப்படி: ஃபைபர் போர்டு, 20 மி.மீ. காற்றிடைவெளி, ஸ்டட்டின் (நிமிர்ந்து நிற்கும் சேனலின்) வெளிமுகத்தில் இழுத்து ஒட்டிய ஈரத்தடுப்பு ஷீட், ஸ்டட்களுக்கு நடுவே 50 மி.மீ. ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு, பிறகு உள் போர்டு. ஷீட்டை உள்பக்கம் போட்டுவிடாதே, குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து இங்கே பலர் அப்படித்தான் போடுகிறார்கள். வினைல் வால்பேப்பரும் வேண்டாம். ‘போர்டே குளிர்ச்சி தரும்’ என்பது டீலரின் கவிதை. வெயில் கூரையிலிருந்துதான் இறங்கும், ராக்வூல் அங்கேயும் வேண்டும். பாத்ரூம் சுவருக்கு உள்ளேயும் ஃபைபர் போர்டுதான்.

கணக்கு: அறை 12-க்கு 14, சுற்றளவு 52 அடி, உயரம் 10 என்றால் 520 சதுர அடி. கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் 467. நாலுக்கு எட்டு போர்டு 32 சதுர அடி, பத்து சதவீதம் சேதாரம் சேர்த்து 17 போர்டு. 12 மி.மீ. போர்டு ஒன்று 35 கிலோ பக்கம், ஆக மாடிக்கு ஏறுவது 600 கிலோ. ஃபிரேமையும் வெளிப் போர்டையும் கூட்டி இன்ஜினியரிடம் காட்டு. உயரம் 10 என்பதால் இரண்டு அடிக்குத் துண்டு வரும், ஒரு போர்டில் நாலு துண்டு. அதை ஒரு போர்டுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாற்றி வை. இல்லாவிட்டால் எட்டடியில் நேர்கோடாக விரிசல் ஓடும். துண்டு சேரும் இடத்துக்குப் பின்னால் குறுக்குச் சேனல் கட்டாயம்.

ஸ்டட் 400 மி.மீ.க்கு ஒன்று. ஸ்க்ரூ ஓரத்தில் 200, நடுவில் 300 மி.மீ. இடைவெளி, விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே, மூலையிலிருந்து 50 தள்ளி. மூலை சட்டென்று பெயரும். ஒரு போர்டுக்கு ஐம்பது வரும், ஆயிரம் வாங்கு. உன் ஊர்க் காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூதான். அதன் முனை சேனலைத் துளைக்காது, முதலில் 3 மி.மீ. பிட்டால் துளை போடச் சொல். ஆசாரி சலித்துக்கொள்வார், 410 ரகம் கொடுத்தால் சர்ரென்று இறங்கும் என்பார். இறங்கும், துருவும் பிடிக்கும்.

போர்டை முந்தின நாளே அறைக்குள் படுக்கையாக, கட்டை கொடுத்து அடுக்கு. தூக்கும்போது நெட்டுக்குத்தாக. வெட்ட கார்பைடு பிளேடு, மூக்குக்கு மாஸ்க். போர்டுக்குப் போர்டு 3 மி.மீ. விட்டு பாலிமர் ஃபில்லரும் ஃபைபர் டேப்பும் போடு, ஜிப்சம் பவுடர் வைத்து அடைக்க விடாதே. வெட்டு விளிம்பிலும் இரண்டு முகத்திலும் காரம் தாங்கும் பிரைமர் அடிக்க வேண்டும், ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் வளையும். டிவி, அலமாரி வரும் இடத்தில் பின்னால் ப்ளைவுட் வைக்கச் சொல்.

சாம்பிள் வந்ததும் பின்பக்க முத்திரையையும் வெட்டு முகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா இல்லையா என்பதை மறைக்காமல் எழுது. கொடுத்திருந்தால் எவ்வளவு என்றும். பாலு ஏணியைக் கேட்டால் என்னைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடு.

அன்புடன்,
கண்ணன்