அந்த ஆறு பேருக்காக

அன்பு மகளுக்கு,

போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், மனசு ஆறவில்லை. விருப்பப் பாடமான ராணுவச் சட்டத்துக்கு ஆறு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், பேசாமல் குற்றவியல் சட்டத்தை மட்டும் நடத்தட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்மா, விட்டுவிடாதே.

முதல் நாளே 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்காதே. ரஞ்சித் தாக்கூர் வழக்கைச் சொல். ஒரு சிக்னல் படை வீரர். தனக்கு நேர்ந்த கொடுமையை நேராக மேலிடத்துக்கு எழுதியதற்காக 28 நாள் கடுங்காவலில் இருந்தவர். அங்கே சாப்பிடச் சொன்னபோது மறுத்தார். அதற்கு ஓராண்டுச் சிறை, வேலையும் பறிபோனது. முதல் தண்டனையைக் கொடுத்த அதிகாரியே இரண்டாவது விசாரணையிலும் உட்கார்ந்திருந்தார். 1987-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு தட்டுச் சோறு! இதைக் கேட்ட பிறகு அந்த ஆறு பேரில் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

அப்புறம் ராணுவ விதி 61. கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளியா இல்லையா என்று ஒவ்வொரு உறுப்பினரும் வாய்திறந்து சொல்ல வேண்டும். பதவியில் இளையவர்தான் முதலில். பெரியவர் சொன்ன பிறகு சின்னவருக்கு மாற்றிச் சொல்ல வாய் வராதே, அதற்காக. அந்த நீதிமன்றத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் ஜட்ஜ் அட்வகேட்டாக நான் உட்கார்ந்த முதல் வழக்கில் ஓர் இளம் கேப்டன். மடியில் இருந்த தொப்பியின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன சொன்னார் என்பது உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது, பிரமாணம் எடுத்திருக்கிறேன். ஆனால் சொல்வதற்கு முன் அவர் மூச்சை இழுத்தது இன்னும் காதில் இருக்கிறது. குற்றவியல் சட்டத்தை முப்பது வருடம் படித்தும் நடத்தியும் நான் கற்றதில் பாதி அந்த அறையில் கற்றதுதான்.

நான் ராணுவத்தில் சேர்ந்த 1995-ல் பெண்களுக்குக் குறுகிய காலப் பணி மட்டும்தான். எங்கள் ராணுவச் சட்டப் பிரிவில் நிரந்தரப் பணிக்கு வழி திறந்தது 2008-ல். அதற்குள் நான் கரும்பலகைக்கு வந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. வகுப்பறை அதைப் பாதியாவது ஆற்றியது.

என் பழைய ராணுவ விதிகள் புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 302 என்று பென்சிலில் எழுதியிருப்பேன். 2024 ஜூலையிலிருந்து, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. அழிக்காமல் பக்கத்திலேயே எழுதிக்கொள்.

அம்மா