1994-ஆம் வருஷத்துப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது தேவலை. அக்கா ஞாயிற்றுக்கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கிள்ளானில் ஒரு வாரமாக விடாத மழை. பின்பக்கக் கூரையில் அதே இடத்தில் ஒழுகுகிறது, அதே வாளியைத்தான் வைத்திருக்கிறோம்.

உன் மெசேஜ் பார்த்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த மெசேஜ். "அப்பா, சாம்பியன் நோட்டு இன்னும் இருக்கா? படம் எடுத்து அனுப்புங்க." அவ்வளவுதான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சரி, இத்தனை வருஷம் கழித்து நோட்டைக் கேட்டாயே என்று எனக்குச் சந்தோஷம்தான். போனில் படம் எடுத்தால் கை ஆடுகிறது, எழுத்து கலங்கிப் போகிறது. அதனால் முக்கியமானதை எல்லாம் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். கவரின் மேல் உன் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நீயே பிரித்துப் படி.

நோட்டு இருக்கிறது. மலேசியக் கால்பந்தில் வருஷா வருஷம் மலாயா கிண்ணத்தையும் லீக்கையும் யார் ஜெயித்தார்கள் என்று நம் வீட்டில் எழுதிவரும் அந்த நோட்டு, சாமி படத்துக்குக் கீழே உள்ள இழுப்பறையில். முதல் ஆறு பக்கம் உன் கையெழுத்து. பழைய பக்கங்களைக் கறையான் அரித்தபோது உன்னை உட்கார வைத்து மறுபடியும் எழுதச் சொன்னேனே, அப்போது உனக்கு ஒன்பது வயது. "1921, சிங்கப்பூர்" என்று ஆரம்பித்திருக்கிறாய். மலாயா என்று பெயர் வைத்த போர்க்கப்பல் இந்தக் கரைக்கு வந்துபோனதற்கு நன்றியாகக் கப்பல்காரர்கள் கொடுத்த கிண்ணம் அது என்று தாத்தா சொன்னதையும் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் எழுதி, ஒரு கப்பலும் வரைந்திருக்கிறாய். கப்பலுக்கு மூன்று புகைபோக்கி. முதல் இறுதியாட்டத்திலேயே தோற்றது நம் மாநில அணி சிலாங்கூர் என்று தெரிந்ததும் அழுதாய். நடந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆன ஆட்டத்துக்கு அழுத பிள்ளை நீ.

அப்புறம் 1942 முதல் 1947 வரை ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறாய். போர்க்காலம், கிண்ணமே நடக்கவில்லை. ஏன் காலி என்று நீ கேட்டபோது தாத்தா பதில் சொல்லவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் காலத்தில்தான் அவருடைய அண்ணன், ஜப்பான்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சாகடித்த சயாம் ரயில் வேலைக்குப் போனார். அதற்கு மேல் உனக்கே தெரியும். போருக்குப் பிறகு 1948-இல் முதல் கிண்ணம் நெகிரி செம்பிலானுக்கு. அடுத்த கிண்ணம் 2009-இல்தான். அறுபத்தொரு வருஷம் காத்திருந்தார்கள்.

மலாயா கிண்ணம் மலேசியக் கிண்ணமானது 1967-இல். என் கையெழுத்து 1974-இல் பினாங்கோடு ஆரம்பிக்கிறது. அந்த வருஷம்தான் எனக்கு முதல் சம்பளம் வந்தது. அதற்குப் பிறகு பார், சிலாங்கூர், சிலாங்கூர் என்று எழுதி எழுதி என் பேனாவே அந்தப் பெயரைத் தானாக எழுதும். 1975, 1976. 1977-இல் சிங்கப்பூர் எடுத்துக்கொண்டது. 1978, 1979 இரண்டு வருஷமும் இறுதியாட்டத்தில் அதே சிங்கப்பூரை அடித்தோம். மெர்டேக்கா அரங்கத்தின் சிமெண்டுப் படியில் நாளிதழை விரித்து உட்கார்ந்திருப்போம். கோல் அடிக்கும் நம் மொக்தார் டஹாரி பந்தைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவன் யார், என்ன இனம் என்று பார்க்காமல் கட்டிப்பிடித்துக்கொள்வோம். கோலில் ஆறுமுகம். அந்த நீளக் கையைப் பார்க்கவே தோட்டத்திலிருந்து லாரி பிடித்து வருவார்கள். ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்டது நம் ஆறுமுகத்தை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் போனபோது, உன்னை மடியில் வைத்துக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு அப்போது ஐந்து மாதம்.

ராத்திரி நேரத்தோடு தூங்குகிறாயா? மருமகள் அம்மாவிடம் பேசும்போதெல்லாம், நீ எங்கே என்று கேட்டால், தூங்குகிறார் என்கிறாள். பகல் இரண்டு மணிக்கும் தூங்குகிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூங்குகிறார். பகலில் தூங்குகிறவன் ராத்திரியில் என்ன செய்கிறான் என்று நான் கேட்கவில்லை. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படு. அதைத்தான் சொல்கிறேன்.

லீக் கணக்கும் கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். லீக் நம் நாட்டில் கிண்ணத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. கிண்ணத்துக்கு யார் தகுதி என்று பார்ப்பதற்காக 1979-இல் எல்லா மாநிலமும் புள்ளிக்கு ஆட ஆரம்பித்தது. முதலிடத்துக்குத் தனியாக ஒரு பரிசு என்று வைத்தது 1982-இல், பினாங்கு வாங்கியது. அடுத்த வருஷம் மலாக்கா. 1989-இல் பாதித் தொழில்முறை லீக் ஆனபோது முதல் இரண்டு வருஷமும் நாம்தான். 1991-இல் ஜொகூர், 1992-இல் பகாங், இரண்டு பேரும் அந்தந்த வருஷம் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். 1993-இல் கெடாவும் அப்படியே.

கெடாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1987, 1988, 1989 மூன்று வருஷமும் தொடர்ந்து கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்து, மூன்று முறையும் கோலாலம்பூரிடம் தோற்றவர்கள் அவர்கள். நாலாவது வருஷம், 1990-இல், நம்மையே 3-1 என்று அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுபோனார்கள். உனக்குச் சின்ன வயதில் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன். தோற்றாலும் திரும்பி வர வேண்டும், கெடாவைப் பார் என்று. கணக்குப் பாடத்தில் நீ தவறியபோதும் சொன்னேன். அது நல்ல கதை என்றுதான் நினைத்தேன். இப்போது அதைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கெடா திரும்பி வந்தது தன் காலால் ஓடி. அடுத்தவன் காலில் பணத்தைக் கட்டிவிட்டு, இந்த முறை தோற்றேன், அடுத்த முறை திரும்பும் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கதை பொருந்தாது.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். நீ கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாய். கையில் ஒரு போன், மடியில் ஒரு போன். எந்த ஆட்டம் தம்பி என்று கேட்டேன். நீ திரையைப் பார்த்துவிட்டுத்தான் நாட்டின் பெயரைச் சொன்னாய். யார் ஆடுகிறார்கள் என்று தெரியாமல் நீ ஒரு ஆட்டத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு கோல் விழுந்தது. நீ சந்தோஷப்படவில்லை. மூச்சு விட்டாய். அந்த மூச்சு எனக்குத் தெரியும், தம்பி. அன்றிலிருந்து அதுதான் என் காதில் இருக்கிறது.

அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவள் மேல் கோபப்படாதே. கார் ரிப்பேருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) என்று நீ கேட்டதை மாப்பிள்ளை வாய்தவறிச் சொன்னார். போன வாரம் வீட்டு போனுக்கு யாரோ இரண்டு முறை கூப்பிட்டு உன் முழுப் பெயரைச் சொல்லி, எப்போது ஊருக்கு வருவார் என்று கேட்டார்கள். அம்மாவிடம் ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன்.

நீ நல்ல பிள்ளை. இந்தத் தெருவில் முதல் பட்டதாரி நீ. உன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைத்தான் இன்றைக்கும் கட்டியிருக்கிறேன். அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நேரத்தோடு சாப்பிடு.

இனி 1994.

அந்தப் பக்கம் நோட்டில் இல்லை. எலி கடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். எலி கடிக்கவில்லை. நான் கிழித்தேன்.

காப்பிக் கடையில் பத்து வெள்ளியில் ஆரம்பித்தது. அப்போது துறைமுகத்தில் கிராணி வேலை, வெள்ளிக்கிழமை சம்பளம் வந்த நாளில் நாலு பேர் கட்டினால் நானும் கட்டுவேன். 1993 இறுதியாட்டத்தில் கெடா சிங்கப்பூரை 2-0 என்று ஜெயித்தபோது எனக்கு 800 வெள்ளி கிடைத்தது. அந்த ஜெயம்தான் என்னைக் கெடுத்தது. அந்தக் காசில்தான் உனக்கு அந்தச் சிவப்பு சைக்கிள். எனக்குப் பந்து தெரியும், இருபது வருஷ நோட்டு என்னிடம் இருக்கிறது, என்னைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். 1994-இல் சட்டைப் பையில் ஒரு 555 நோட்டு வைத்துக்கொண்டேன். கடைக்காரர் கடன் எழுதும் அதே நோட்டு. ஒரு பக்கம் போட்டது, ஒரு பக்கம் தர வேண்டியது. ஆடி மாதத்துக்குள் தர வேண்டியதற்கே பக்கம் போதவில்லை. சிலாங்கூர் ஆடும்போதுகூட எதிரணி மேல் பணம் கட்டியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லீக்கை அந்த வருஷம் சிங்கப்பூர் எடுத்தது. கிண்ண இறுதியாட்டம் ஷா ஆலமில், புதிதாகத் திறந்த எண்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கம். சிங்கப்பூரும் பகாங்கும். விட்டதை எல்லாம் ஒரே ராத்திரியில் எடுத்துவிடலாம் என்று பகாங் பக்கம் 3,000 வெள்ளி கட்டினேன். கையில் இல்லாத பணம். சிங்கப்பூர் 4-0. நாலாவது கோல் விழுந்தபோது சிங்கப்பூர்க்காரர்கள் எழுப்பிய சத்தம் கடைத் தொலைக்காட்சியில் வந்தது. நான் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு விரலை எண்ணிக்கொண்டிருந்தேன், யார் யாரிடம் கேட்கலாம் என்று.

திங்கட்கிழமை காலை உன்னைக் கூட்டிக்கொண்டுதான் அடகுக்கடைக்குப் போனேன். பிள்ளையோடு போனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்று. கம்பி போட்ட சன்னல் எட்டாமல் நீ பெஞ்சில் ஏறி நின்று தராசைப் பார்த்தாய். பாட்டி அம்மாவுக்குப் போட்ட சங்கிலி. தராசுத் தட்டில் அது சுருண்டு விழுந்ததும், "அப்பா, அம்மா சங்கிலி" என்று சொன்னாய். கையில் ஐஸ் வாங்கிக் கொடுத்து, வீட்டில் சொல்லாதே என்றேன். நீ சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பணத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஆறு மாதத்தில் சங்கிலி மூழ்கிப்போனது. அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்தது என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் இப்போது நான் வாயைத் திறக்கிறேன்.

அந்த இறுதியாட்டத்தோடு சிங்கப்பூர் நம் போட்டிகளை விட்டே விலகிவிட்டது, நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு. அதே சமயத்தில்தான் ஆட்டத்தை விற்ற விஷயமும் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள், பலருக்குத் தடை போட்டார்கள், சிலரை வேறு ஊருக்கு அனுப்பி அங்கேயே இருக்க வைத்தார்கள். நான் வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டு அந்த 555 நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். இதில் எந்த ஆட்டம் உண்மையாக ஆடியது, எது விற்றுப்போனது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அன்றைக்கு அதை அடுப்பில் போட்டேன். சாம்பியன் நோட்டில் 1994 பக்கத்தின் ஓரத்திலும் தொகை எழுதியிருந்தேன், அதனால் அதையும் கிழித்தேன். கடனைக் கட்டி முடிக்க நாலு வருஷம் ஆனது, ராத்திரி ஷிப்ட் பார்த்து. அதை ஓவர்டைம் என்றுதான் உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு 1995, 1996, 1997 மூன்று வருஷமும் கிண்ணம் நமக்குத்தான். ஒரு காசு வைக்காமல் பார்த்தேன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு குதித்தேனே, அந்த வருஷங்கள். 2015-இல் 33-ஆவது முறை. நீ ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து போனில் கத்தினாய், இரண்டு பேருமே பேச முடியாமல் கத்திக்கொண்டிருந்தோம். லீக் 2014-இலிருந்து வருஷா வருஷம் ஜொகூர் அணியான ஜே.டி.டி.தான், எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கிறது, எழுதவே அலுப்பாக வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஷா ஆலம் அரங்கத்தை 2024-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

நேற்று ஒரு தாளில் 1994-ஐத் திரும்ப எழுதி நோட்டில் ஒட்டினேன். லீக் சிங்கப்பூர், கிண்ணம் சிங்கப்பூர், எதிரணி பகாங், 4-0. ஓரத்தில் 3,000 என்றும் எழுதினேன். நீ வந்தால் பார்க்கலாம்.

என் பெயரில் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஈமக்காரியத்துக்கு என்று வைத்தது, அதற்கு இப்போது அவசரமில்லை. தொகை எவ்வளவு என்று நீ சொன்னால் போதும், எதற்கு என்று சொல்ல வேண்டாம். இல்லை, எதற்கு என்றும் சொல். முழுத் தொகையைச் சொல், பாதியைச் சொல்லாதே. நான் எப்போதும் பாதியைத்தான் சொல்வேன், அதில்தான் நாலு வருஷம் போனது.

அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போவாள். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை வீட்டில் நான் மட்டும்தான். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பெர்த்திலும் அப்போது ஆறு மணிதான்.

அன்புடன்,
அப்பா