பாட்டு எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

சினிமாதான் நம் பாட்டை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. படம் மூன்று வாரம் ஓடிப் போய்விடும், பாட்டைப் பிடித்து வைத்தது ரேடியோ.

1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுக்கிற விவித பாரதி ஒலிபரப்பை ஆரம்பித்து அரசாங்கமே இறங்கி வந்தது.

தேனி மாவட்டத்தில் இருக்கிற எங்கள் கம்பம் ஊரில் விடிவதற்கு முன்னாலேயே கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரள ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் கிளம்பும். கீழே கொடைக்கானல் பண்பலை பாடும், மேலே ஏற ஏற மலையாள ஸ்டேஷன் வந்து விழும், களை வெட்டப் போகிற அக்காமார் இரண்டையும் சேர்த்தே முணுமுணுப்பார்கள். எல்லைக்காரர்களுக்கு மலையாளப் பாட்டு பழகியது இப்படித்தான், யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

ஒரே ஒரு குறை. அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் படம், இசை, எழுதியவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழல விடுவார்கள். இன்றைய தனியார் எஃப்எம்களில் பேச்சு வழிகிறது, விளம்பரம் வழிகிறது, பாட்டு எழுதியவர் பெயரை மட்டும் காணோம். பத்து விநாடி போதுமே, அதைக்கூடவா மிச்சம் பிடிக்கிறார்கள்?

இப்படிக்கு,
கம்பத்து வாசகர்