கயலை நர்ஸிங் சேருங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மா, மதினி, கயல் எல்லோரும் நலம்தானே? போனில் அரையும் குறையுமாகப் பேசி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

காலைச் சாய்த்து நடக்கிற பிள்ளை வார்டில் எப்படி நிற்கும், நர்ஸிங் வேண்டாம் என்று பெரியப்பா சொன்னாராம். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள் என்று மதினி சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

இங்கே இங்கிலாந்தில், லீட்ஸ் மருத்துவமனையில் எனக்குக் காலை ஏழரைக்கு நர்ஸ் ஷிப்ட் தொடங்கினால் இரவு எட்டுக்குத்தான் முடிகிறது. வேலையில் சேர்ந்தவுடன், காது சரியாகக் கேட்காத என்னை உட்காரவைத்து, எந்தச் சத்தம் காதில் விழச் சிரமம், என்ன இருந்தால் வேலை தடையில்லாமல் நடக்கும் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்கள். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு வேண்டிய நியாயமான வசதியைச் செய்துதருவது வேலை கொடுப்பவரின் கடமை என்று இங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கித் தந்தார்கள். நோயாளியின் நெஞ்சில் வைத்தால் சத்தம் பெருகி நேராக என் காதுக் கருவிக்கே வருகிறது. இதயத் துடிப்பின் அலைக்கோடு போன் திரையிலும் ஓடுகிறது. மதுரையில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் காதுக் கருவியைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். தெரிந்த மறுநாளே ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

இங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. சிலர் நடந்துகொண்டே ஷிப்டை ஒப்படைக்கிறார்கள். முகக்கவசம் போட்டவர் பேசினால் உதட்டைப் பார்க்க முடிவதில்லை. எழுதிக் காட்டச் சொல்கிறேன். முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மருந்து விஷயத்தில் ஒரு சொல் தவறக் கூடாது என்பதால் திரும்பக் கேட்க நான் கூச்சப்படுவதில்லை.

போன வாரம் ஒரு பாட்டி எதற்கும் பதில் சொல்லவில்லை. மனம் குழம்பியிருக்கிறது என்று குறிப்பில் எழுதிவிட்டார்கள். நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அவருடைய காதுக் கருவி உள்ளே கிடந்தது, பேட்டரி தீர்ந்துபோய். புது பேட்டரியின் ஆரஞ்சுத் தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்படவிட்டுப் போட்டு, காதில் மாட்டிவிட்டேன். உடனே, மகன் எப்போது வருவான் என்று தெளிவாகக் கேட்டார். அந்த வார்டில் காதுக் கருவியைத் தேடிப் பார்க்கத் தோன்றியது எனக்குத்தான், அண்ணா. கயலுக்கும் இப்படித் தெரிந்த விஷயங்கள் இருக்கும். நடக்க முடியாதவருக்குக் கட்டிலிலிருந்து இறங்க எவ்வளவு பயம் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் நீரிழிவுப் பிரிவில் செயற்கைக் காலோடு வேலை பார்க்கிற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். நோயாளிகள் அவரைத்தான் கேட்டு வருகிறார்கள்.

அம்மாவுக்குக் கண்புரை எடுத்தார்களே அரவிந்த் மருத்துவமனை, அதை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியை நினைத்துப் பாருங்கள். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகுதான் அவர் கண் அறுவை சிகிச்சையே கற்றுக்கொண்டார். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். நம் மதுரையில் நடந்தது இது. பெரியப்பாவிடம் அதைச் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. கயலின் சான்றிதழில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தேசிய அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பத்தில் காலைப் பற்றி எதையும் மறைக்க வேண்டாம். கல்லூரிக் கட்டணத்துக்கு இம்மாதச் சம்பளத்திலிருந்து பணம் அனுப்புகிறேன். வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை